கொலஸ்ட்ரோலைப் பழத்தால் கழுவிய கதை

எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம் வந்தால், மருந்துக்கு முன்னால் மதிப்பெண் வந்துவிடும். எங்கள் ஆட்கள் புலம்பெயர்ந்து குவிந்திருக்கும் ஸ்காபரோவில் ஏதாவதொரு மண்டபத்தில் நடக்கும் பிறந்தநாள் விழாவுக்குப் போய், ஆண்களின் மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு காலத்தில் பிள்ளைகளின் சோதனை முடிவுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த அதே வாய்கள் இப்போது ஏ-வன்-சியை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஏ-வன்-சி என்பது, கடந்த மூன்று மாதமாக உங்கள் இரத்தத்தில் சீனி எந்த அளவில் நின்றது என்பதைக் காட்டிக்கொடுக்கும் இலக்கம்; குறையக் குறைய நல்லது. "எனக்கு ஏழு புள்ளி ஒண்டு" என்பார் ஒருவர். "எனக்கு எட்டு, ஆனா போனமுறை ஒன்பது" என்பார் மற்றவர். அவருக்கு முன்னேற்றத்துக்கான பாராட்டு கிடைக்கும். ஆறரை எடுத்தவர் எவராவது அகப்பட்டால், மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளையைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள். அவருடைய மனைவி அன்றைக்குச் சேலைத் தலைப்பை ஒருமுறை கூடுதலாக இழுத்துவிடுவாள். இவ்வளவு கதையும் மட்டன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டுதான் நடக்கும்.

என் கணவர் இந்த வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் மாணவன். அவருக்கு நீரிழிவு வந்து பல வருடங்கள் ஆகின்றன. தன் இலக்கத்தை யாராவது கேட்டால் உடனே அரசியல் பேசத் தொடங்கிவிடுவார். பிறகு கொலஸ்ட்ரோலும் வந்து சேர்ந்துகொண்டது. ஒன்றுக்கு ஒன்று துணை என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டையும் விருந்தாளிகளைப் போல மரியாதையாக வைத்திருந்தார்.

நாங்கள் குடியிருக்கும் அஜக்ஸில் அவர் ஸ்கூல் பஸ் ஓடுகிறார். அதற்கு முன்பு இருபது வருடத்துக்கு மேல் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நின்றார். அங்கே மெஷினின் சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் பேசியதுகூட இல்லை. கம்பனி மூடப்பட்டபோது மூன்று மாதம் சோபாவில் கிடந்தார். பிறகு யாரோ சொல்லி இந்த வேலைக்குப் போனார். முதல் கிழமையே ஆள் மாறிவிட்டார். எந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் வேண்டும், எந்தப் பிள்ளையின் தாய் எப்போதும் வீட்டுச் செருப்போடு பிந்தி ஓடி வருவாள், எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்தக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கள் கல்யாண நாள் தெரியாது, ஆனால் பஸ்ஸில் வரும் பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் தெரியும். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் என் பிள்ளைகள் கீறிய படம் ஒன்றுகூட இல்லை. பஸ் பிள்ளைகள் கீறிக் கொடுத்த மஞ்சள் பஸ்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஓட்டுநருக்கு மீசை பெரிது.

செப்டம்பரில் எங்கள் குடும்ப டொக்டரிடம் போனோம். இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். கொம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், சுகரும் கூட, கொலஸ்ட்ரோலும் கூட. ரெண்டும் சேர்ந்தா ஹார்ட்டுக்குத்தான் ரிஸ்க். நான் எழுதித் தந்த கொலஸ்ட்ரோல் குளிசையை ஒவ்வொரு நாளும் எடுங்கோ. பின்னேரத்தில மிக்சரும் ரோல்ஸும் சாப்பிடுறியள்தானே, இன்ஸ்டெட், ஒரு முழுப் பழம் சாப்பிடுங்கோ. ஒரு அப்பிள், இல்லாட்டி ஒரு கொய்யாப்பழம். தோலோட. அதில இருக்கிற நார் கொலஸ்ட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும். ஆனா ஜூஸ் வேண்டாம், ஓகே? நவம்பர்ல திருப்பி ப்ளட் டெஸ்ட். அதிலயும் இப்பிடி எண்டா இன்சுலினைப் பற்றிக் கதைப்பம்."

இவ்வளவு நீளமான பேச்சில் என் கணவரின் காதுக்குள் போனவை இரண்டே சொற்கள். ஒன்று பழம், மற்றது இன்சுலின்.

காரில் ஏறியதும் சொன்னார். "இன்சுலின் ஊசி போட்டா பஸ்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள்."

"ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும்."

எங்கள் ஆட்களிடையே ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்றால், ஒருவரும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். "திரும்பிப் போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோவன், கிளினிக் இன்னும் பூட்டேல்லை" என்றேன். அவர் தமிழ் வானொலியைச் சத்தமாக வைத்தார். அதில் காணி விற்பனை விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் பழம் வரத் தொடங்கியது. ஒரு அப்பிள் என்று சொன்னால் அவருக்கு ஒரு பெட்டி அப்பிள். கராஜில் தோடம்பழம் என்கிற ஒரேஞ்ச், சமையலறையில் குலைகுலையாக முந்திரிகைப்பழம் என்கிற திராட்சை, மேசையில் அன்னாசி. விலை குறைந்த இடம் எது என்று பார்த்து அரை மணித்தியாலம் தள்ளியிருக்கும் ஸ்ரௌவ்வில்வரை காரில் போய்வந்தார். எரித்த பெற்றோலை யாரும் கணக்கில் எடுக்கக்கூடாது. பின்னேர ரோல்ஸ் நின்றதா என்று கேட்காதீர்கள். டொக்டர் சொன்ன 'அதுக்குப் பதிலாக' என்ற பகுதி வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ரோல்ஸும் நடந்தது, பழமும் நடந்தது.

இதற்கு ஒரு கொள்கை விளக்கமும் இருந்தது. அது லண்டனில் இருக்கும் அவருடைய மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தது. அந்த மனுஷனின் வைத்தியத் தகுதி, அவருக்கும் கொலஸ்ட்ரோல் இருக்கிறது என்பதுதான். "அத்தான், பழத்தில இருக்கிற நார் எண்டது நிலம் கூட்டுற தும்புக்கட்டை மாதிரி. உள்ளுக்கை போய் நரம்பெல்லாத்தையும் கூட்டிக் கழுவிக்கொண்டு வெளியால போயிடும்." பின்னணியில் அவருடைய கடை வாசல் மணி அடிக்கொரு தரம் அடித்தது. என் கணவர் அந்தப் பதிவைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோய்க் கேட்டார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் முடிந்ததும், கோப்பைக்குச் சவர்க்காரம் போடுவதுபோல, மேலே ஒரு கிண்ணம் பழம். இறைச்சி கூடிய நாளில் பழமும் கூடும். இரண்டாவது முறை கறி போடும்போது என்னைப் பார்த்து, "பயப்படாதையும், பழம் இருக்கு" என்பார். வாய் நோகிறது என்று பிறகு மிக்சியில் அடித்துக் குடிக்கத் தொடங்கினார். நாலு தோடம்பழமும் இரண்டு வாழைப்பழமும் ஒரு கப்புக்குள் போய்விடும். தும்புக்கட்டையை அரைத்துக் குடித்தால் எதைக் கூட்டும் என்று கேட்டேன். எனக்கு விஞ்ஞானம் விளங்காது என்றார்.

நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். சண்டை பிடித்தேன், பெட்டியோடு அப்பிளை அயல் வீட்டுக்குக் கொடுத்தேன், மகளை விட்டுப் போனில் ஏச வைத்தேன். அவள் விட்பியிலிருந்து, "அப்பா, திஸ் இஸ் நொட் ஹவ் ஃபைபர் வேர்க்ஸ்" என்று கத்தினாள். அவர் "ஓம் குஞ்சு, ஓம் குஞ்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு முந்திரிகைக் குலையை முடித்தார்.

ஒக்டோபர் முடியும்போது அவருக்குப் பயம் பிடித்தது. டெஸ்ட் கிட்ட வந்துவிட்டது. இங்கேதான் எங்கள் ஊர் மூளை வேலை செய்தது. வருடம் முழுக்கப் படிக்காமல் திரிந்து, கடைசிக் கிழமை பழைய கேள்வித்தாள்களைப் பாடமாக்கிக்கொண்டு சோதனை மண்டபத்துக்குள் போய் வந்த இனம் நாங்கள். அப்படித்தான் பாதிப்பேர் என்ஜினியர் ஆனார்கள். லாப்பில் செய்யும் இரத்தப் பரிசோதனையையும் அப்படிப் பாஸ் பண்ணலாம் என்று என் கணவர் முடிவெடுத்தார். கலண்டரைப் பார்த்தார். கந்தசஷ்டி விரதம் வந்துகொண்டிருந்தது. அது முடிந்த மறுநாள் காலை வெறும் வயிற்றோடு நேரே லாப்புக்குப் போவது என்று ஏற்பாடு.

கோயிலுக்கு அன்னதானத்துக்கு மட்டும் போகும் மனுஷன் அவர். விரதம் என்றால் வீட்டில் நான் பிடிப்பதும், அவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதும்தான் வழக்கம். இந்த முறை ஆறு நாளும் சோறு இல்லை, இறைச்சி இல்லை, பின்னேரப் பூசை முடிந்த பிறகு பாலும் பழமும் மட்டும் என்று அறிவித்தார். கோயிலில் நின்ற ஒருவர், "அண்ணை, இந்தமுறை கடும் விரதம் போலை?" என்று கேட்டார். "எல்லாம் முருகன்" என்று கையைக் கூப்பினார். முருகன் சூரனோடு சண்டைக்குப் போனார். இவர் லாப்பை ஏமாற்றப் போனார்.

விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். "காலமை சீனிக் குளிசையைப் போட்டிட்டு ஒண்டும் சாப்பிடாமல் பஸ் ஓடப் போறியளோ? சீனி இறங்கினா என்ன செய்வியள்?"

"சீனி இறங்கத்தானே எல்லாரும் சொல்லுறியள்."

"விசர்க்கதை கதைக்காதையுங்கோ. பஸ்ஸுக்கை பிள்ளையள் இருக்கும்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு, "பின்னேரம் வடிவாப் பழம் சாப்பிடுவன்தானே, அது அடுத்த நாள் மட்டும் நிக்கும்" என்றார். பழம் என்ன பேட்டரியா, சார்ஜ் பண்ணி வைக்க என்று கேட்டேன். அவர் கறிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

பின்னேரங்களில் அவர் பழம் சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், பப்பாப்பழம், எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அதற்கே தெரியாத ஒரு மாம்பழம். விரதகாரர் என்பதால் நான் கைநிறைய எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்தார். பகல் முழுக்கக் காய்ந்து கிடந்த உடம்புக்குள் ஒரே மூச்சில் ஒரு பழக்கடை போய் இறங்கும். அப்படியே சோபாவில் சாய்ந்து, உடம்பு காற்றுப்போல இலேசாக இருக்கிறது என்பார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்கும்.

மூன்றாம் நாள் காலை வெளியே இலேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. நான் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இஞ்சேரும், ஒருக்கா யார்டுக்கு வாறீரோ? ஒண்டுமில்லை."

எங்கள் ஆண்கள் ஒன்றுமில்லை என்று சொன்னால், ஆம்புலன்ஸுக்கு அடிக்கலாமா என்று யோசிக்க வேண்டும். வீட்டுச் சட்டைக்கு மேலே குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். கிங்ஸ்டன் வீதி முழுக்க அவரை ஏசிக்கொண்டே போனேன். சிவப்பு விளக்கில் நின்றபோது, முருகா, ஆளை மட்டும் தா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேண்டினேன். பச்சை விழுந்ததும் திரும்ப ஏசினேன்.

பஸ்கள் நிற்கும் யார்டின் மூலையில் ஒரு சின்ன ஒபிஸ். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், வேர்வையில் நனைந்த சேர்ட்டோடு அவர் இருந்தார். கையில் பிள்ளைகள் குடிக்கும் சின்னப் பெட்டி ஜூஸ். பஸ்களை அனுப்பும் பொறுப்பிலிருந்த பெண், ஜமேக்காவிலிருந்து வந்த பெரிய மனுஷி, அவருக்குப் பக்கத்தில் காவல் நின்றாள். நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். பஸ்ஸைச் சுற்றி வந்து லைட், டயர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். கை நடுங்கியிருக்கிறது. குளிருக்குள் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. உடனே எஞ்சினை நிற்பாட்டி, இறங்கி, கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து சாவியை மேசையில் வைத்துவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னாராம். "ஐ ஆம் நொட் சேஃப் டுடே." அவள் வேறொரு ஓட்டுநரை அனுப்பிவிட்டு, இவர் வேண்டாம் வேண்டாம் என்று மறுக்க மறுக்க ஜூஸைக் குடிக்கப் பண்ணியிருக்கிறாள்.

டொக்டரை ஏமாற்றப் பார்த்த மனுஷன், முருகனை ஏமாற்றப் பார்த்த மனுஷன், ஒவ்வொரு நாளும் என்னை ஏமாற்றும் மனுஷன், அந்தப் பிள்ளைகளை ஏமாற்றவில்லை. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு அடி போட வேண்டும் போலவும் இருந்தது. வேற்று ஆட்களுக்கு முன்னால் இரண்டும் செய்ய முடியாது.

அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம், "விரதம் முறிஞ்சு போச்சு."

"நல்லகாலம், வேற ஒண்டும் முறியேல்லை. எழும்புங்கோ."

டொக்டரின் கடிதம் இல்லாமல் இனி பஸ் எடுக்க முடியாது என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். காருக்கு நடக்கும்போது மூன்று தரம் திரும்பித் தன் பஸ்ஸைப் பார்த்தார்.

இரத்தம் எடுத்து, அடுத்த கிழமை டொக்டருக்கு முன்னால் போய் இருந்தோம். பழம், விரதம், யார்டில் நடந்தது எல்லாவற்றையும் நான் ஒப்புவித்து முடித்தேன். ரிசல்ட் வந்திருந்தது. ஏ-வன்-சி இறங்கவில்லை, ஒரு துளி ஏறியிருந்தது. கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தது. இரத்தத்தில் ஓடும் மற்றக் கொழுப்பு, சீனிச் சாப்பாடு கூடினால் கூடுவது, அதுவும் துள்ளிப் பாய்ந்திருந்தது. எல்லாப் பாடத்திலும் பெயில்.

"அங்கிள், கொலஸ்ட்ரோல் குளிசை எடுத்தனீங்களா?"

அவர் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பழம் சாப்பிட்டனான்தானே, பிள்ளை. ரெண்டும் ஒரே வேலையைச் செய்தா கூடிப்போயிடும் எண்டு நிப்பாட்டினனான்."

செப்டம்பரிலிருந்து நிற்பாட்டியிருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடு எடுத்து வைத்த குளிசைகள் எங்கே போயின என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அங்கிள், பழம் குளிசைக்குப் பதில் இல்லை. மிக்சருக்குத்தான் பதில். ஒரு முழுப் பழம் நல்லது, பத்துப் பழம் சீனி. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து சீனிக் குளிசையும் போட்டா சுகர் கீழ விழும். பின்னேரம் அவ்வளவையும் சாப்பிட்டா மேல போகும். அதோட, திஸ் நம்பர் இஸ் த்ரீ மந்த்ஸ். கடைசிக் கிழமை செய்து இதை மாத்தேலாது." பிறகு மெதுவாக, "இன்சுலின் தொடங்குவம்" என்றாள்.

அவருடைய கை கதிரையின் ஓரத்தைப் பிடித்தது. எனக்குப் பொறுக்கவில்லை, நானே கேட்டேன்.

"பிள்ளை, இன்சுலின் போட்டா இவரின்ர பஸ்ஸைப் பறிப்பினமோ?"

அவள் முகத்தில் உண்மையாகவே ஆச்சரியம். "நோ அன்ரி. இன்சுலின் எடுக்கிறவையும் பஸ் ஓடுகினம். பேப்பர் வேலை இருக்கு, நான் எழுதித் தருவன். பஸ்ஸில ஏற முதல் விரல்ல குத்திச் சுகர் பாக்கோணும். சுகர் கீழ விழுறதுதான் டேஞ்சர். அண்டைக்கு விழுந்தபடியாத்தான் இப்ப கொஞ்சக் காலம் ஓட வேண்டாம் எண்டுறன். நம்பர்ஸ் ஒழுங்கா நிண்டா திரும்ப ஓடலாம்." பிறகு அவரிடம் திரும்பினாள். "அங்கிள், இதுக்கா இவ்வளவும்? வை டிடின்ட் யூ ஜஸ்ட் ஆஸ்க் மீ?"

அவர் சிரிப்பது போல ஒன்று செய்தார். ஆக, எந்த ஊசி பஸ்ஸைப் பறிக்கும் என்று நடுங்கினாரோ, அது பறிக்கவில்லை. பஸ்ஸைக் காப்பாற்றச் சாப்பிட்ட பழமும் கிடந்த பட்டினியும்தான் அவரைக் கீழே இறக்கிவிட்டன. இந்தக் கெட்டித்தனத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுக்காது.

வீட்டுக்கு நான்தான் கார் ஓடினேன். 401 நெடுஞ்சாலையில் ஏறும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் வாழ்க்கையில் ஒரு சாதனை. பிறகு முடியவில்லை.

"செப்டம்பரில அதே கதிரையிலதானே இருந்தனீங்கள். ஒரு வசனம். ஒரே ஒரு வசனம் கேட்டிருக்கலாம். லண்டனைக் கேட்டியள், கோயில்ல கண்டவன் நிண்டவன் எல்லாரையும் கேட்டியள். அந்தப் பிள்ளையைக் கேக்க என்ன வந்தது உங்களுக்கு?"

அவர் வானொலிக்குக் கையை நீட்டி, போடாமலே இழுத்துக்கொண்டார்.

"கேட்டா, ஓம், பஸ் போயிடும் எண்டு சொல்லியிருந்தா?"

"சொல்லேல்லையே."

"சொல்லியிருந்தா? அண்டையிலயிருந்து நான் ஆர்?"

என்ர மனுஷன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கவாட்டில் அவருடைய முகம் தெரிந்தது. கம்பனி மூடிய பிறகு மூன்று மாதம் சோபாவில் கிடந்தபோதும் அவர் என்ர மனுஷனாகத்தான் இருந்தார், இரண்டு பிள்ளைகளின் தகப்பனாகத்தான் இருந்தார். அது அப்போதும் அவருக்குப் போதவில்லை. இவ்வளவு வருடம் பக்கத்தில் படுத்து எழும்பிய எனக்கு அது வலித்தது, கோபமாகவும் இருந்தது. ஆனால் பொய்யாக ஒரு மறுமொழி சொல்ல மனம் வரவில்லை. அஜக்ஸ் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு வந்தோம்.